மெத்தில்ஃபெனிடேட்: சாதா, எஸ்ஆர், ஓராஸ் – எந்த மாத்திரை யாருக்கு?

ஏடிஎச்டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) உள்ள பிள்ளைக்கு மெத்தில்ஃபெனிடேட் எழுதித் தந்ததும் பெற்றோர் முதலில் கேட்பது, "விலை குறைந்ததையே வாங்கலாமா, எல்லாம் ஒரே மருந்துதானே?" என்பது. மருந்து ஒன்றுதான். 1944இல் பாசெல் நகரின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிஸோன் தயாரித்த மூலக்கூறு அது. மனைவி மார்கரீட்டின் செல்லப்பெயரான ரீட்டாவிலிருந்துதான் ரிட்டாலின் என்ற பிராண்ட் பெயரே வந்தது. ஆனால் அந்த மருந்தை உடம்புக்குள் எந்த வேகத்தில் விடுகிறது என்பதில் ஒரு மாத்திரைக்கும் இன்னொன்றுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கூடுதல் விலை அந்த வேகத்துக்குத்தான்.

சாதா மாத்திரையில் தொடங்குவோம். விழுங்கி அரை மணி முதல் முக்கால் மணிக்குள் பலன் தெரியும், இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சம், மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வழக்கமான தொடக்கம் காலையும் மதியமும் சாப்பாட்டுக்கு முன் 5 மி.கி.; வாரம் ஒருமுறை 5 முதல் 10 மி.கி. வரை மருத்துவர் கூட்டுவார். நாளுக்கு 60 மி.கி.யைத் தாண்டக் கூடாது. எந்த அளவு பொருந்துகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வடிவம் இல்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மதியத்துக்குள் தெளிந்துவிடும். குறை, பள்ளி நேரத்தில் வரும் மதிய டோஸ். வகுப்பில் எல்லோரும் பார்க்க மாத்திரை போட பிள்ளைகள் கூசுவார்கள், மறப்பார்கள். இன்னொன்று, மருந்து இறங்கும் நேரத்தில் வரும் சிணுங்கலும் கோபமும். இதைப் பார்த்துவிட்டு "மருந்து பிள்ளையை முரடாக்குகிறது" என்று நிறுத்துபவர்கள் உண்டு. கோபம் வரும் மணியை ஒரு வாரம் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். டோஸ் நேரத்தை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும்.

எஸ்ஆர் என்பது மெழுகு போன்ற பொருளில் மருந்தைப் பொதிந்து எட்டு மணி நேரம் வரை கசியவிடும் வகை. மதிய டோஸ் மிச்சம். ஆனால் காலையில் பிடிக்க நேரமாகும், பிற்பகலில் பலன் தளரும். மூன்றில் எங்களுக்கு மிகக் குறைவாகத் திருப்தி தருவது இதுதான்.

அடுத்தது ஓராஸ். அமெரிக்காவில் 2000இல் கான்செர்ட்டா என்ற பெயரில் அனுமதி பெற்றது. இதன் கட்டமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. 18 மி.கி. மாத்திரையில் ஏறக்குறைய 4 மி.கி. மேல்பூச்சாக இருக்கும், அது ஒரு மணி நேரத்துக்குள் கரைந்து காலை வேலையைத் தொடங்கிவைக்கும். மீதி 14 மி.கி. உள்ளே, தண்ணீர் புகக்கூடிய ஆனால் கரையாத ஓட்டுக்குள், இரண்டு அடுக்காக இருக்கிறது. அவற்றுக்குக் கீழே மூன்றாவதாக, மருந்தே இல்லாத ஓர் அடுக்கு. குடல்நீர் உள்ளே ஊறியதும் அந்த அடுக்கு உப்பி, மருந்தை மறுமுனையில் லேசரால் போட்ட துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். மேலடுக்கைவிட அடுத்த அடுக்கில் மருந்தின் செறிவு அதிகம். காரணம், ரத்தத்தில் மருந்து ஒரே மட்டத்தில் நின்றால் பிற்பகலில் மூளை அதற்குப் பழகிப் பலன் குறைகிறது. அளவு ஏறிக்கொண்டே போனால்தான் மாலை வரை அதே பலன் நிற்கும். உச்சம் 6 முதல் 10 மணி நேரத்தில், பலன் 12 மணி நேரம் வரை.

அந்த ஓடு செரிக்காமல் மலத்தோடு முழு மாத்திரை போலவே வெளிவரும். பார்த்துப் பயந்து இன்னொரு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். அது வெறும் கூடு. விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் ஆபத்து. ஓடு உடைந்தால் நாள் முழுக்க வர வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கும். குடல் எங்காவது குறுகியிருப்பவர்களுக்கு ஓராஸ் கூடாது. காலை எட்டு மணிக்குள் போட்டுவிட வேண்டும். பத்து மணிக்குப் போட்டால் இரவு பத்துக்கும் பிள்ளை விழித்திருக்கும். சாதா 5 மி.கி. மூன்று வேளை எடுத்தவருக்கு ஓராஸ் 18, 10 மி.கி. மூன்று வேளை என்றால் 36, 15 என்றால் 54.

நாள் முழுக்க மெதுவாக மருந்தை விடும் நீள்வகை மாத்திரை எல்லாம் ஓராஸ் அல்ல என்பதையும் கவனியுங்கள். 2014 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கான்செர்ட்டாவுக்கு மாற்றாக விற்ற இரண்டு நிறுவனங்களின் மாத்திரைகளைச் சமமானவை என்ற தரவரிசையிலிருந்து இறக்கியது. நாளின் பிற்பகுதியில் அவை மருந்தை விட்ட விதம் வேறாக இருக்கலாம் என்பதே காரணம். ஒரு நீள்வகைப் பிராண்டில் நிலைப்பட்ட பிள்ளைக்குக் கடைக்காரர் "இதுவும் அதே 18தான்" என்று வேறொன்றை நீட்டினால், மருத்துவரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள்.

மருந்து செய்வது என்ன? நரம்பணு வெளிவிட்ட டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள்களை திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயில்களை அடைக்கிறது. வழக்கமான டோஸில் டோபமைன் வாயில்களில் பாதிக்கு மேல் அடைபடும். ஆம்ஃபெட்டமின் என்ற வேறொரு ஊக்க மருந்து இன்னொரு படி போய், நரம்பணுவுக்குள் புகுந்து டோபமைனை வெளியே தள்ளும். வாய்வழியே மெதுவாக ஏறுவதால்தான் மெத்தில்ஃபெனிடேட் சரியான டோஸில் போதை தருவதில்லை. அதையே பொடித்து மூக்கில் இழுத்தால் மூளைக்குள் வேகமாக ஏறி அடிமைப்படுத்தும். மருந்தின் பெரும்பகுதியை ஈரலில் உள்ள சிஇஎஸ்1 நொதி ரிட்டாலினிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. கூடவே மது இருந்தால் எத்தில்ஃபெனிடேட் என்ற இன்னொரு ஊக்கியும் உருவாகும். எடுத்துக்கொள்பவர் மதுவைத் தொடக் கூடாது.

பக்கவிளைவில் முதலிடம் பசியின்மைக்கு. காலை இட்லியை மாத்திரைக்கு முன்பே வயிறாரக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாடு பாதி திரும்பி வந்தால் ராத்திரி ஈடுகட்டுங்கள். விடாமல் மூன்று ஆண்டு எடுத்த 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள் சராசரியாக 2 செ.மீ. உயரமும் 2.7 கிலோ எடையும் குறைவாக வளர்ந்ததாக மருந்தின் கையேடே சொல்கிறது. உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம் நான்கையும் ஒவ்வொரு வருகையிலும் எழுதச் சொல்லி வாங்குங்கள். எம்ஏஓஐ வகை மனச்சோர்வு மருந்தை நிறுத்தி 14 நாள் ஆகாதவர்களுக்கும், கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் இது கூடாது. சளிக்கு வாங்கும் ஃபீனைலெஃப்ரின் மாத்திரைகளும் ரத்த அழுத்தத்தைக் கூட்டும். கேட்காமல் சேர்க்க வேண்டாம். பரீட்சைக்கு முன்னால் நண்பனிடம் வாங்கிப் போடும் மாணவர்களுக்கு: தூக்கம் போகும், படித்தது தூக்கமில்லாமல் நிற்காது, இருதயக் கோளாறு மறைந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

இனி வாங்குவது. மெத்தில்ஃபெனிடேட் 1971ஆம் ஆண்டு ஐ.நா. மனமயக்கப் பொருள் உடன்படிக்கையில் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டு என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் சட்டத்தின் கீழ் மனமயக்கப் பொருள், மருந்து விதிகளில் கடுங்கட்டுப்பாட்டுப் பட்டியலான ஷெட்யூல் எக்ஸ். அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பில் எக்ஸ்ஆர்எக்ஸ் குறி இல்லையென்றால் வாங்காதீர்கள். கடைக்கு 20எஃப் என்ற தனி உரிமம் வேண்டும், மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். தெருமுனைக் கடைகள் இதனால்தான் வைப்பதில்லை. பெரிய மருத்துவமனை மருந்தகத்தில் முதலில் கேளுங்கள். மருந்துச்சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு ஆண்டு வைத்திருப்பார். தேதி, கையெழுத்து, நோயாளியின் பெயர், முகவரி, டோஸ், மொத்த எண்ணிக்கை, இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் நியாயமாகவே திருப்பி அனுப்புவார். செல்போனில் படமெடுத்த சீட்டு செல்லாது. மீண்டும் வழங்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஒரு சீட்டு ஒரே முறைக்குத்தான். ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சை என்று மருத்துவர் தனியாக எழுதினால் 300 வரை.

வெளிநாடு போகிறவர்கள் சீட்டு மட்டும் போதும் என்று நம்பிப் புறப்படக் கூடாது. சிங்கப்பூருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் முன்கூட்டியே அரசின் அனுமதி வாங்க வேண்டும். மாத்திரையை மூல அட்டையிலேயே, கைப்பையில், மருத்துவரின் கடிதத்தோடு எடுத்துச் செல்லுங்கள். வாராந்திர மாத்திரைப் பெட்டியில் கொட்டிக்கொண்டு போனால் அது என்னவென்று விமான நிலையத்தில் நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.