பெயின்ட் அடித்த பழைய இழைப்புளி வாங்குபவர்கள் கவனத்துக்கு

மும்பை சோர் பஜார் பக்கம் பழைய கருவிகள் விற்கும் ஒரு கடையில், “இங்கிலாந்து மால், முழுசா ரெடி பண்ணது” என்று சொல்லி ஸ்டான்லி கம்பெனியின் 5ஆம் நம்பர் இழைப்புளியை (மரம் இழைக்கும் கருவி) ரூ. 3,500க்கு விற்றுவிட்டார்கள். திருப்பிக் கொண்டுபோனால், “பார்த்துத்தானே வாங்கினீங்க” என்பதே பதில். தாராவி, சயான் பக்கம் மரவேலை செய்யும் நம் ஆட்கள் யாரும் இதே சரக்கில் மாட்டக் கூடாது.

பெரிய மோசடி விரிசலில். வாயின் (அலகு வெளியே நீட்டும் அடிப்பிளவு) மூலையிலிருந்து பக்கச் சுவரில் ஏறிய விரிசலை எம்-சீல் (ஓட்டை அடைக்கும் பசை) வைத்து அடைத்து, தேய்த்து, கறுப்பு எனாமல் பூசியிருந்தார்கள். இந்த வகையில் உள்பக்கம்தான் கறுப்புப் பூச்சு. வெளிச்சுவர் வெறும் இரும்பாகவே கம்பெனியிலிருந்து வரும். அங்கே பெயின்ட் இருந்தால் தொடவே வேண்டாம். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் வளையாது, உடையும். அதிலும் வாய்ப் பகுதி மெலிந்த இடம். எல்லா உறுப்பையும் கழற்றி, உடலை மட்டும் ஒரு விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல உடல் மணிபோல் ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று அடங்கும். சந்தேகம் தீரவில்லையா? பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் தூள் தூவுங்கள். அடைபடாத விரிசல் ஈரக் கோடாகத் தெரியும்.

அடுத்தது அலகு. கிரைண்டரில் சூடேறி நீலம் பாய்ந்த எஃகை பஃப் போட்டு வெள்ளையாக்கியிருந்தார்கள். நிறம் போனாலும் கடினம் திரும்பாது. தேக்கில் நாலு இழுப்புக்குள் முனை மடங்கிவிட்டது. முனையோரத்தில் சின்ன அரத்தை ஓட்டினால் நல்ல அலகில் வழுக்கும், பதம் போனதில் கடிக்கும்.

அடிப்பாகத்தை பெல்ட் சாண்டரில் தேய்த்ததால் முன்னும் பின்னும் உருண்டுவிட்டது. ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள்: முன்முனை, வாய்க்கு முன்புறம், பின்முனை மூன்றும் ஸ்கேலைத் தொட வேண்டும். சமன் செய்வதென்றால் தடித்த கண்ணாடிமேல் 80 நம்பர் உப்புத்தாள்தான். அலகை உள்ளே இழுத்து, லீவர் கேப்பை (அலகை அழுத்திப் பிடிக்கும் மூடி) இறுக்கியபடியே தேய்க்க வேண்டும், ஏனென்றால் அந்த இறுக்கத்தில் உடல் லேசாக வளையும்.

பிடியின் போல்ட்டும் தப்பு. ஸ்டான்லியில் 7/32 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. மில்லிமீட்டர் போல்ட்டை அழுத்தித் திருகி உடலின் மரையைத் தின்ன வைத்திருக்கிறார்கள்.

துருப்பிடித்த, யாரும் கைவைக்காத இழைப்புளியே மேல். துரு மறைக்காது, கரையும்: லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம், சில மணி நேரம், நடுநடுவே எடுத்துப் பிரஷ். ராத்திரி முழுக்க விட்டால் இரும்பையே அரிக்கும். பிறகு சோடா கரைத்த நீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள்.

கழற்றிப் பார்க்க விடாத கடையில் காசு கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் உடலை ஒதுக்கிவிட்டு, லீவர் கேப், ஃப்ராக் (அலகு சாய்ந்து உட்காரும் இரும்புத் தாங்கி) இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு 5ஆம் நம்பருக்கு உதவும்.