ராஸ்பெர்ரி பை 4-க்கு ஒரு பவர் பட்டன்: நிம்மதியும் நிற்காத விசிறியும்

நண்பர் ஒருவர் ராஸ்பெர்ரி பை 4 என்ற, ஒரே போர்டில் அடங்கும் சின்னக் கம்ப்யூட்டரைப் பழையதாக வாங்கப் பார்க்கிறார். "அதில் பவர் பட்டனே கிடையாதாமே, நீ தனியாக ஒன்று வைத்திருக்கிறாயே, ஒழுங்காக வேலை செய்கிறதா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் விசிறியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையல்ல.

முதலில் பட்டன். என் பை டிவிக்குப் பின்னால் இருக்கிறது. படம், பாட்டு எல்லாம் அதில்தான். பட்டன் வைப்பதற்கு முன்பு அதை அணைக்க நான் போனிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழையும் முறை) வழியாக உள்ளே போய்க் கட்டளை கொடுப்பேன். வீட்டில் மற்றவர்கள் பிளக்கைப் பிடுங்குவார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை. அணைப்பதற்கென்று கண்ணுக்குத் தெரிகிற எதுவும் அந்தப் போர்டில் இல்லை. ஆனால் பையின் சேமிப்பிடமான எஸ்டி கார்டு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால், எழுதப்பட்ட கோப்பு மட்டுமில்லாமல் சம்பந்தமே இல்லாத வேறு தகவலும் கெடலாம். கார்டில் இருக்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் அதன் ஜர்னல் சரிசெய்து தரும். கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் பாதியில் விட்ட வேலையை அதனால் சரிசெய்ய முடியாது.

இதற்குத் தேவைப்பட்டது ஒரு சாதாரண புஷ் பட்டன், இரண்டு ஜம்பர் ஒயர். சால்டரிங் தேவையில்லை. அழுத்திவிட்டுக் கையை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும் வகையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஒயர் போர்டின் ஓரத்திலுள்ள பின்களில் 5-ஆம் பின்னுக்கு, அதாவது ஜிபிஐஓ 3-க்கு (ஜிபிஐஓ என்றால் நாமே பயன்படுத்திக்கொள்ளும் சிக்னல் பின்). இன்னொன்று கிரவுண்டுக்கு. அந்த ஜிபிஐஓ 3-க்குப் போர்டிலேயே பட்டனை அழுத்தாதபோது பின்னை உயர் வோல்டேஜில் வைத்திருக்கும் 1.8 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் இருப்பதால் தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம். அப்புறம் பூட் ஆகும்போது படிக்கப்படும் கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ-ஷட்டவுன் ஓவர்லேவுக்கு (இந்தப் பின்னில் இருப்பது அணைக்கும் பட்டன் என்று சிஸ்டத்துக்குச் சொல்லும் துணுக்கு) ஒரே ஒரு வரி. 2023-இல் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு பூட் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் என்ற ஃபோல்டருக்கு இடம் மாறிவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அணைக்கிற பட்டனே எழுப்பவும் செய்கிறது என்பதுதான். இந்த இரண்டு வேலையையும் செய்வது இரண்டு வேறு ஆட்கள். பை ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் லினக்ஸ் கர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, அதைப் பவர் கீ என்று எடுத்துக்கொள்கிறது. சிஸ்டம்டி-லாகின்டி என்ற பின்னணி நிரல் அதைக் கேட்டு எல்லாவற்றையும் முறையாக மூடுகிறது. மூடியபின் லினக்ஸே இல்லை. அப்போது போர்டின் சொந்த மென்பொருளான ஃபர்ம்வேர் மட்டும் விழித்திருந்து ஜிபிஐஓ 3-ஐக் கவனிக்கிறது. அது கிரவுண்டைத் தொட்டதும் போர்டு பூட் ஆகிறது. எழுப்பும் வேலை இந்த ஒரு ஜிபிஐஓவில் மட்டும்தான் நடக்கும். இதற்கென்று பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிப் பின்னணியில் ஓடவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். ஓவர்லேவின் டிபவுன்ஸ் நேரம், அதாவது அழுத்தத்தை உண்மை என்று ஏற்கும்முன் காத்திருக்கும் நேரம், இயல்பாக 100 மில்லிசெகண்ட். அதை 1000 ஆக்கினால் ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால்தான் அணையும். கை தவறிப் பட்டாலும் படம் பாதியில் நிற்காது.

சிக்கல்களும் உண்டு. ஜிபிஐஓ 3 என்பது, சின்ன மாட்யூல்களோடு பேசும் ஐ2சி இணைப்பின் கிளாக் லைனும்கூட. டிஎஸ்3231 கடிகார மாட்யூல் வழக்கமாக அங்கேதான் உட்காரும். ஐ2சி-ஆர்டிசி-ஜிபிஐஓ என்ற ஓவர்லே மூலம் அதை ஜிபிஐஓ 23, 24-க்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. கர்னல் உறைந்துபோனால் இந்தப் பட்டனை அழுத்தி என்ன பயன், கேட்க ஆளில்லை. அதற்குப் போர்டில் ரன் என்று குறித்திருக்கும் துளையைக் கிரவுண்டோடு ஒரு கணம் இணைத்தால் ரீசெட் ஆகும்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது விசிறி. என் கேஸோடு வந்தது இரண்டு ஒயர் விசிறி. சிவப்பை 4-ஆம் பின்னிலும் கறுப்பை 6-ஆம் பின்னிலும் செருகச் சொல்லியிருந்தார்கள். அதனாலேயே பட்டனின் கிரவுண்டை 9-ஆம் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அது போகட்டும். 4-ஆம் பின் 5 வோல்ட். அடாப்டரில் கரண்ட் இருக்கும்வரை அதிலும் இருக்கும். பை அணைந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பட்டனை அழுத்துகிறேன், பச்சை விளக்கு சிமிட்டி அணைகிறது, டிவி கறுக்கிறது, விசிறி மட்டும் இரவு முழுக்கக் கிர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. குளிர்விக்க அங்கே சூடே இல்லை! அந்தச் சத்தம் தாங்காமல் யாராவது கடைசியில் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். மூடி முடிந்ததா என்று எல்லா நேரமும் பார்ப்பதில்லை. எதைத் தவிர்க்கப் பட்டன் வைத்தேனோ, அதுவே திரும்பவும் நடக்கிறது.

நியாயமாகச் சொன்னால் இதற்கும் வழி இருக்கிறது. கட்டுப்பாட்டு ஒயரும் உள்ள மூன்று ஒயர் விசிறி வாங்கினால் அந்த மூன்றாவது ஒயர் ஜிபிஐஓ 14-க்குப் போகும். வெப்பம் கூடும்போது மட்டும் ஓடும், அணைக்கும்போது டிரைவரே நிறுத்திவிடும். என் கேஸின் மூடியில் அந்த அளவு விசிறி உட்காராது. விசிறிக்காகக் கேஸையும் மாற்ற வேண்டும்.

சரி, நண்பருக்கு என் பதில். பட்டன் பிரமாதம். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு நிம்மதி தந்த வேறெதையும் இந்தப் போர்டில் நான் சேர்த்ததில்லை. ஆனாலும் பை 4 வாங்காதீர்கள். அடுத்த மாடலான பை 5-இல் பட்டன் போர்டிலேயே இருக்கிறது. வெளியே தனிப் பட்டன் வேண்டுமென்றால் ஜே2 என்ற இடத்தில் சால்டர் செய்துகொள்ளலாம். விசிறிக்கென்று கட்டுப்பாட்டோடு தனி கனெக்டர் இருக்கிறது. அணைத்த பிறகும் இயல்பு நிலையில் பை 5 ஒரு வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். போர்டைப் பூட் செய்யும் மென்பொருளான பூட்லோடரில் ஒரு அமைப்பை மாற்றினால் அதுவும் அநேகமாக நின்றுவிடும். பை 4-க்கு முன்பணம் கொடுத்திருந்தால்கூடத் திரும்பக் கேளுங்கள்.