ஏழு வருஷமாகக் கையில் இருக்கும் சின்னக் கத்தி

"ஆஃபர்ல அஞ்சு கத்தி செட் வருது, வைக்கிற மரக்கட்டையோட. வாங்கட்டுமாடா?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். போனில் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டேன். காரணம் கொஞ்சம் நீளம்.

அதே மாதிரி ஒரு செட் என் வீட்டிலும் இருந்தது. அலகில் 'ஜெர்மன் ஸ்டீல்' என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். கம்பி நாரில் தேய்த்துத் தேய்த்து மூன்றாவது மாதமே எழுத்து அழிந்துவிட்டது. கூர் அதற்கு முன்பே போய்விட்டது. இரண்டு கத்திக்குப் பிடி ஆடியது. மூன்று கத்திகளைக் கட்டையிலிருந்து உருவினதே இல்லை. அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதை ஓரங்கட்டிவிட்டு வாங்கியதுதான் விக்டோரினாக்ஸ் காய்கறிக் கத்தி. எட்டு சென்டிமீட்டர் அலகு, சிவப்பு பிளாஸ்டிக் பிடி, விலை செட்டில் கால்வாசிகூட இல்லை. "இது பழம் வெட்டுற கத்தி மாதிரி இருக்கே" என்றார்கள் வீட்டில். பிளாஸ்டிக் பிடி, தகட்டில் வெட்டியெடுத்த மெல்லிய அலகு என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இதன் எஃகு துருப்பிடிக்காத வகை. கடினம் தரும் கார்பன் சுமார் அரை சதவீதம், துருவைத் தடுக்கும் குரோமியம் சுமார் 15 சதவீதம். பல மடங்கு விலை சொல்லும் ஜெர்மன் வூஸ்தோஃப் கத்திகளிலும் கிட்டத்தட்ட இதே வகை எஃகுதான். அவை காய்ச்சி அடித்து உருவாக்கியவை, இன்னும் சற்றுக் கடினமாகப் பதமேற்றியவை, பிடி கனமானது. அதற்குக் கூடுதல் விலை நியாயம்தான். அதற்காக இதை மட்டம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

அலகு மெல்லிசாக இருப்பதன் அருமை சின்ன வெங்காயத்தில் தெரியும். நசுக்காமல் பிளக்கும், கண்ணும் அவ்வளவாக எரியாது. அம்மாவின் அருவாமனையில் மாங்காய் நறுக்கினால் அலகும் கறுக்கும், துண்டும் கறுக்கும்; இதில் அந்தத் தொல்லை இல்லை. கார்ல் எல்செனர் என்பவர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் தொடங்கிய பட்டறைதான் விக்டோரினாக்ஸ். பெயரில் பாதி அவருடைய அம்மா விக்டோரியா. மீதிப் பாதி, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்', 1921-இல் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த வகை எஃகு ரொம்பக் கடினம் கிடையாது. வெட்டும் விளிம்பு எளிதில் உடையாது, ஆனால் தினமும் புழங்கினால் கூர் மடங்கும். முதல் வருஷம் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். பொறி பறக்கப் பிடித்துக் கொடுத்தார். அலகில் இரண்டு மில்லிமீட்டர் குறைந்துபோனது, நுனிப் பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. சூடேறி அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அருவாளுக்குச் சரி, இவ்வளவு மெல்லிய அலகுக்குச் சாணைச் சக்கரம் ஆகாது.

அப்புறம் கண்டுபிடித்ததுதான் காபி கப் வைத்தியம். பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாமல் சொரசொரவென்று ஒரு வளையம் இருக்கும். அதைத் தண்ணீரில் நனைத்து, கத்தியை லேசாகச் சாய்த்து, பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை இழுக்க வேண்டும். பக்கத்துக்குப் பத்து இழுப்பு, அழுத்தக் கூடாது. வளையத்தில் சாம்பல் நிறக் கோடு விழும். கழுவித் துடைத்துவிட்டு, நன்றாகப் பழுத்த தக்காளியின் மேல் கத்தியை வைத்துச் சும்மா இழுத்தால் தோல் தானாகப் பிளக்கும். ஏழு வருஷத்துக்குப் பிறகும் அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பல் வைத்த அலகை இப்படிக் கப்பில் தீட்ட முடியாது, அதனால் வாங்கினால் பல் இல்லாததையே வாங்க வேண்டும்.

குறை உண்டு. முட்டைக்கோஸ், பூசணிக்கு இந்த நீளம் பத்தாது. அதற்கெல்லாம் இன்னும் அருவாமனைதான்.

இவ்வளவு சொன்னாலும், நண்பனிடம் இந்தக் கத்தியையும் இப்போதைக்கு வாங்காதே என்றுதான் சொல்வேன். அவன் வீட்டு அடுக்களையில் பெயரில்லாத பழைய கத்தி ஒன்று கிடக்கிறது, பால் பாக்கெட் வெட்ட மட்டும் எடுப்பார்கள். முதலில் அதைக் கப்பில் தீட்டித் தக்காளி நறுக்கிப் பார்க்கட்டும். நறுக்காவிட்டால் இந்தச் சிவப்புக் கத்தியை நானே வாங்கிக் கொடுக்கிறேன். அந்த செட் மட்டும் வேண்டவே வேண்டாம்.