3-க்கு 2 அடி கதர் தேசியக் கொடி: வாங்கலாமா?

போன வருஷம் ஆகஸ்ட் 15-க்கு முந்தின வாரம் ஆன்லைன்ல ஒரு கொடி ஆர்டர் பண்ணேன். பாலியஸ்டர், நூத்தம்பது ரூபாய்க்கும் கம்மி, போட்டோல பாக்க ஜம்முனு இருந்துச்சு. பிரிச்சுப் பாத்தா அது காவியே இல்ல, செங்கல் கலர். சரி போகட்டும்னு மொட்ட மாடில கட்டிட்டு தெருவுல எறங்கி நின்னு பாக்குறேன், ஒரு பக்கம் சக்கரம் பளிச்சுனு தெரியுது, காத்து திருப்பிப்போட்டா மறுபக்கம் வெளிறிப்போன நிழல் மாதிரி என்னமோ இருக்கு. ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்சிட்டு மிச்சம் தானா ஊறித் தெரிஞ்சுக்கும்னு விட்டுட்டாங்க போல. அந்த சக்கரமும் வெள்ளைப் பட்டைக்கு நடுவுல சட்டை பட்டன் சைஸுல. அப்பா அண்ணாந்து பாத்துட்டு "என்னடா இது, ஏதோ கட்சிக் கொடி மாதிரி இருக்கு"ன்னுட்டு உள்ள போயிட்டாரு. வித்தவங்க பேரு வேண்டாம், ரிட்டர்னும் எடுக்கல.

எனக்கு ஏன் அவ்ளோ கடுப்புன்னா, நம்ம கொடில ராட்டை போயி சக்கரம் வந்ததுக்கு ஒரு காரணமே இந்த ரெண்டு பக்க விஷயம்தான். 1931-ல காங்கிரஸ் ஏத்துக்கிட்ட மூவர்ணத்துல நடுவுல முழு ராட்டை இருந்துச்சு. 1947 ஜூலை 22 அன்னைக்கு அரசியல் நிர்ணய சபைல கொடித் தீர்மானத்தக் கொண்டுவந்து நேரு பேசுறப்போ இத வெளக்குறாரு. ராட்டைல ஒரு பக்கம் சக்கரம், ஒரு பக்கம் நூல் சுத்துற கதிர், கொடியத் திருப்பிப் பாத்தா ரெண்டும் இடம் மாறிடும், கொடின்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும், அதனால சக்கரத்த மட்டும் வெச்சுக்கிட்டு வடிவத்த சாரநாத் அசோகர் தூண்லேர்ந்து எடுத்துக்கிட்டோம்னு. அவ்ளோ யோசிச்சு வெச்ச சக்கரத்த இவங்க ஒரு பக்கம் மட்டும் அடிச்சு விக்கிறாங்க!

வாட்ஸ்ஆப்ல சக்கரத்தோட 24 ஆரத்துக்கும் (நடுவுலேர்ந்து விளிம்புக்குப் போற கோடு) 24 குணம்னு ஒரு லிஸ்ட் வருஷா வருஷம் சுத்துமே, தீர்மானத்துல அப்படி ஒண்ணும் கெடையாது, ஆரம் எத்தனைன்னுகூட எழுதல. சக்கரம் ராட்டையக் குறிக்குதுன்னு எழுதியிருக்கு, அதோட விட்டம் கிட்டத்தட்ட வெள்ளைப் பட்டை அகலத்துக்கு வரணும், கொடி அகலமும் நீளமும் 2:3 இருக்கணும்னு எழுதியிருக்கு. ஒரு தையக்காரருக்குக் குடுக்குற அளவு மாதிரி.

சரி, ரிவ்யூவுக்கு வரேன். இந்த வருஷம் கதர் கடைக்கே நேர்ல போயி 900-க்கு 600 மில்லிமீட்டர் கொடி வாங்குனேன். கர்நாடகா ஹுப்ளிலேர்ந்து வந்த சரக்கு, அங்க பெங்கேரில இருக்குற கதர் சங்கத்துல தைக்கிறது, வேலை பாக்குறவங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்க. வெலை நாலு இலக்கம். பில்லப் பாத்ததும் எனக்கே பக்குன்னுச்சு.

வீட்டுக்கு வந்து மொதல் வேலையா டேப்ப எடுத்து அளந்தேன். இந்த சைஸுக்கு சக்கரம் 185 மில்லிமீட்டர் இருக்கணும்னு தரக் குறிப்புல இருக்கு, அப்படியே இருந்துச்சு. இந்திய தர நிர்ணயத்துல நம்பர் 1 எதுக்குன்னு நெனைக்கிறீங்க, சிமென்ட்டுக்கோ கம்பிக்கோ இல்ல, தேசியக் கொடிக்குதான், ஐஎஸ் 1. மூணு கலரும் தனித்தனித் துணி, சேத்துத் தைச்சிருக்கு, தையல் நூல் எங்கயும் பிசிறு இல்ல. சக்கரம் ரெண்டு பக்கமும் அடிச்சிருக்கு, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், ஆரத்து மேல ஆரம் கச்சிதமா உக்காந்திருக்கு. கம்பம் பக்கம் கெட்டியா கதர் பட்டை, உள்ள கயிறு.

கொறையும் இருக்கு. கனம், லேசான காத்துக்கு அசையவே மாட்டேங்குது, துவண்டு தொங்குது. ஒரு மழைல நனைஞ்சா ஈரத்துணி மாதிரி கம்பத்தோட ஒட்டிக்கிது, காயவே ஒரு நாள் ஆகுது. இந்த ஒரு விஷயத்துல பாலியஸ்டர்தான் ஜெயிக்கும். முன்னாடி கையால நூத்து கையால நெஞ்ச துணிலதான் கொடி தைக்கணும்னு விதி, 2021 டிசம்பர் 30-ல திருத்தி பாலியஸ்டரும் மெஷினும் ஓகேன்னாங்க, அடுத்த வருஷம் போஸ்ட் ஆபீஸ்லயே 25 ரூபாய்க்குக் கெடைச்சுது. ஊர்ல எல்லா வீட்டுலயும் கொடி பறக்கணும்னா கதர் வெலைக்கு நடக்காதுதான், ஒத்துக்கிறேன். அதுக்காக அளவையும் அச்சையும் கோட்டை விடணுமா? பாலியஸ்டர்லயும் சக்கரத்த ரெண்டு பக்கம் அடிக்கலாமே.

மெட்ராஸ்காரங்க ஒரு தடவ கோட்டை மியூசியத்துக்குப் போங்க. 1947 ஆகஸ்ட் 15 விடியக்காலைல செயின்ட் ஜார்ஜ் கோட்டைல ஏத்துன கொடி அங்க கண்ணாடிக்குள்ள இருக்கு, பட்டு, 12 அடிக்கு 8 அடி. கணக்குப் போட்டுப் பாருங்க, அதே 3:2. அத நேர்ல பாத்ததுக்கப்புறம்தான் எனக்கு இந்த அளவுப் பைத்தியமே புடிச்சுது.

மொத்தத்துல கதர் கொடிக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணு மழைக்காகக் கொறைச்சது. இப்ப பிரச்சனை பழைய கொடிதான். குப்பைல போடக் கூடாது, முழுசா தனிமைல மரியாதையா எரிச்சிடறது நல்லதுன்னு கொடி விதில இருக்கு. கதர்னா நல்லா சாம்பலாயிடும். பாலியஸ்டர் உருகி சொட்டுமே, மாடில எரிச்சா பக்கத்து வீட்டு அக்கா புகை வருதுன்னு கத்துவாங்க. இப்போதைக்கு மடிச்சு பீரோல வெச்சிருக்கேன், யாராவது இதப் பண்ணிருந்தா எப்படின்னு சொல்லுங்க.