சிவப்புக் கோடு எதைப் பிடிக்கும், எதை விடும்: புதுச்சேரி டி.டி.பி. வேலைக்கு ஸ்பெல்லிங் செக்

பயோடேட்டா, லெட்டர்பேட், பில்புக், லாட்ஜ் போர்டு. புதுச்சேரியில் டி.டி.பி. கடைக்கு, அதாவது கம்ப்யூட்டரில் டைப் அடித்து வடிவமைத்துத் தரும் கடைக்கு, வரும் இங்கிலீஷ் வேலை பெரும்பாலும் இதுதான். தப்பான சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போடும் எம்.எஸ். வேர்டின் ஸ்பெல்லிங் செக்கை இதற்குப் பல வருஷம் பயன்படுத்திப் பார்த்ததில் ஒன்று உறுதி: காது செய்யும் தப்பை அது பிடிக்கும், கண் செய்யும் தப்பை விட்டுவிடும்.

காதுத் தப்பு தமிழ் பேசுகிறவர்களுக்கு நிறைய வரும். தமிழில் மெய் இரட்டித்தால் வாயில் கேட்கும். படம் வேறு, பட்டம் வேறு. இங்கிலீஷில் இரட்டை எழுத்து அப்படி அழுத்தி ஒலிப்பதில்லை. முன்னால் நிற்கும் உயிர் குறில் என்று காட்டத்தான் பல இடங்களில் நிற்கிறது: டின்னருக்கு இரண்டு 'என்', டைனருக்கு ஒன்று. 'கமிட்டி' என்று சொல்லும்போது 'ட்' மட்டும் அழுந்துவதால் 'எம்' ஒன்றோடு கை நின்றுவிடும். அதில் எம், டி, இ மூன்றுமே இரண்டிரண்டு. 'அக்காமடேஷன்' இன்னும் மோசம்; இரண்டு 'சி' காதில் விழும், இரண்டாவது 'எம்' விழாது. லத்தீன் முன்னொட்டு இரண்டு அடுத்தடுத்து ஒட்டிய சொல் அது, அதனால்தான் இரண்டு இடத்திலும் இரட்டிப்பு.

'ரிசீட்'டில் ஊமையாக நிற்கும் 'பி' லத்தீன் மூலத்தைக் காட்டச் செருகியது. அதை விட்டால் உடனே சிவப்புக் கோடு வரும், கவலையில்லை.

ஆனால் லாட்ஜ் போர்டை முழுக்க கேப்பிடலில் அடித்தால் கோடே வராது. கேப்பிடல் சொற்களைச் சோதிக்காமல் விடுவதுதான் வேர்டின் வழக்கமான செட்டிங். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் போய் அந்த டிக்கை எடுக்கலாம். எடுத்தால் ஜி.எஸ்.டி. போன்ற சுருக்கங்களுக்கெல்லாம் கோடு விழலாம். அதைவிட, மேட்டரை செலக்ட் செய்து ஷிஃப்ட் எஃப்3 தட்டி சின்ன எழுத்தாக்கி, எஃப்7 தட்டி ஸ்பெல்லிங் செக் ஓட்டிவிட்டு, முழுக்கப் பெரிதாகும் வரை மறுபடி ஷிஃப்ட் எஃப்3 தட்டுவது சுலபம். பென் டிரைவில் வரும் ஃபைல் என்றால் கன்ட்ரோல் ஏ அழுத்தி, ரிவ்யூவில் ப்ரூஃபிங் லாங்வேஜை இங்கிலீஷ் இந்தியா என்று வைத்துவிட்டு, ஸ்பெல்லிங் பார்க்காதே என்ற டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும். அமெரிக்க இங்கிலீஷில் கிடந்தால் நாம் 'ஓ யு ஆர்' என்று முடிக்கும் 'கலர்', 'ஆர் இ' என்று முடிக்கும் 'சென்டர்' இரண்டுமே தப்பென்று காட்டும்.

கண் தப்புதான், அதாவது ஒரு சொல்லுக்குப் பதில் அதைப் போலவே தெரியும் வேறொரு சரியான சொல் விழுவதுதான், ஆளைக் கவிழ்க்கும். கடை போர்டில் 'ஸ்டேஷனரி'க்கு 'ஆர்' முன்னால் 'ஏ' போட்டால் அது 'நகராமல் நிற்பது' என்ற வேறொரு சரியான சொல், கோடு விழாது. பேப்பருக்கு வரும் அதே 'இ ஆர்' என்று நினைத்துக்கொண்டால் போதும். 'மேனேஜர்' நடுவே ஒரு 'ஏ' விட்டுப்போனால் மாட்டுத் தீவனத் தொட்டியாகிவிடும். இதைத் தானாக 'மேனேஜர்' என்று மாற்ற ஆட்டோகரெக்டில் ஒரு வரி சேர்த்து வைக்கலாம். ஃப்ரெஞ்சு மேட்டர் அடிக்கும் சிஸ்டத்தில் மட்டும் வேண்டாம். அங்கே அதே எழுத்துகளுக்கு 'சாப்பிடுவது' என்று பொருள். 'ஃபார்ம்', 'ஃப்ரம்' இடம் மாறுவதற்கு அந்த வழியும் கிடையாது, இரண்டுமே நமக்கு வேண்டிய சொற்கள். கன்ட்ரோல் எஃப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். பழைய ஃப்ரெஞ்சுப் பதிவை ஒட்டி வரும் பெயர்களில் உகரத்துக்கு 'ஓ யு', ஜகரத்துக்கு 'டி ஜே' இருக்கும். முருகனில் 'ஓ யு' இரண்டு தடவை வரலாம். கோடு விழுகிறதே என்று திருத்தக் கூடாது. பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். 2006-ல் ஊர்ப் பெயர் இங்கிலீஷில் 'பாண்டிச்சேரி'யிலிருந்து 'புதுச்சேரி' என்று மாறியது. அதற்கு முந்தைய பத்திரத்தை நகலெடுத்து அடிக்கும்போது பழைய எழுத்தையே விட வேண்டும்.

அவசரத்தில் தப்பான சொல்லை 'ஆட் டு டிக்‌ஷனரி' கொடுத்துவிட்டால் அந்த சிஸ்டத்தில் அப்புறம் அது மாட்டாது. மாதம் ஒரு தடவை ப்ரூஃபிங்கில் கஸ்டம் டிக்‌ஷனரிஸ் திறந்து, வேர்ட் லிஸ்டில் தப்பாகச் சேர்ந்ததை டெலீட் செய்ய வேண்டும்.