ஜம்ப்புக்கு எந்தப் பின் சஸ்பென்ஷன்: ஒற்றைப் பிவட்டா, ஹார்ஸ்ட் லிங்க்கா, ஹை பிவட்டா?

மணலி பக்கம், திருவொற்றியூர் பக்கம் காலி மனையில் லாரி மண்ணைக் குவித்து ராம்ப் கட்டிக் குதிக்கிற பசங்க, செகண்ட் ஹேண்டில் டபுள் ஷாக் சைக்கிள் தேடும்போது முதலில் கேட்பது, "பின்னாடி எத்தனை மில்லி டிராவல்ணா?" டிராவல் என்றால் சக்கரம் ஏறி இறங்கும் அளவு. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஃப்ரேமில் எங்கே பிடித்திருக்கிறது என்பது; அந்த மூட்டுதான் பிவட்.

ஒற்றைப் பிவட்டில் பின்சக்கரம் ஒரே புள்ளியைச் சுற்றி ஏறி இறங்கும். அந்தப் புள்ளி பெடல் அச்சை நெருங்க நெருங்க, சக்கரம் மேலே ஏறும்போது செயின் இழுபடுவது குறையும். கியரே இல்லாமல் ஒற்றை ஸ்பீடில் ஓட்டலாம். ராம்ப் முனையில் காலை ஊன்றித் தள்ளும்போது பின்பக்கம் நீளாது; முன்சக்கரம் சொன்னபடி எழும்பும். ராம்ப்பில் குதித்து வித்தை காட்டுகிற ஸ்லோப்ஸ்டைல் சைக்கிள்களில் பின்னால் சுமார் 100 மி.மீ.தான் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் போனால், நாம் கொடுக்கிற உந்தலை ஷாக்கே விழுங்கிவிடும்.

இதன் பலவீனம் தரையிறங்கும்போது தெரியும். ஸ்விங் ஆர்ம் நேரே ஷாக்கை அழுத்தும் ஃப்ரேம்களில் கடைசிவரை எதிர்ப்பு பெரிதாக அதிகரிக்காது, ‘டங்’கென்று அடி வாங்கும். சக்கரம் 100 மி.மீ. ஏற ஷாக் 40 மி.மீ. அழுந்துகிறது என்றால் சராசரி விகிதம் 2.5. அது 2.8-இல் தொடங்கி 2.2-இல் முடிந்தால், கடைசியில் எதிர்ப்பு கூடி முதுகு தப்பும். ஸ்விங் ஆர்முக்கும் ஷாக்குக்கும் நடுவில் ஒரு சின்ன லிங்க், அதாவது இணைப்புத் துண்டு, அந்த வேலையைச் செய்யும். ஏர் ஷாக்கில் காற்றிடத்தைக் குறைக்கும் ஸ்பேசர் போட்டும் ஓரளவு சரிக்கட்டலாம்.

ஹார்ஸ்ட் லிங்க் என்பது பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் இன்னொரு பிவட் வைத்த அமைப்பு; ஹார்ஸ்ட் லைட்னர் கொண்டுவந்தது. ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி வருஷக்கணக்கில் அதன் காப்புரிமையை வைத்திருந்தது. பிரேக் பிடித்தாலும் பின்பக்கம் இறுகாமல் வேலை செய்யும். மலைப்பாதையில் இதுதான் என் தேர்வு. ராம்ப் முனையில் யாரும் பிரேக் பிடிப்பதில்லை என்பதால் இங்கே அந்த லாபம் குறைவு.

வாங்கும்போது ஏமாறவும் இங்கேதான் வாய்ப்பு அதிகம். பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். பிவட் ஆக்சிலுக்கு முன்னால், பெடல் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வரும் கீழ்க்குழாயில் இருந்தால் ஹார்ஸ்ட். ஆக்சிலுக்கு மேலே, சீட்டை நோக்கிப் போகும் குழாயில் இருந்தால், எத்தனை லிங்க் தொங்கினாலும் சக்கரம் ஒற்றைப் பிவட்டாகத்தான் ஓடும். ஹார்ஸ்ட் விலை கொடுக்காதீர்கள்.

ஹை பிவட் என்றால் பிவட் பெடல் அச்சுக்கு நன்றாக மேலே இருப்பது. இதில் சக்கரம் பின்னோக்கி விலகியபடி மேலே ஏறும். செயினைத் தாங்க தனியாக ஒரு ஐட்லர் சக்கரம் வேண்டும். 2018-இல் பிரான்ஸ் வீரர் அமோரி பியரோன் டவுன்ஹில் (மலைச்சரிவில் இறங்கும் பந்தயம்) உலகக் கோப்பைத் தொடரை வென்றது இப்படிப்பட்ட கொமன்சால் சுப்ரீம் சைக்கிளில்தான். வேகத்தில் பாறையில் மோத அதுபோல் வராது. ராம்ப்பில் அழுந்தும்போதோ பின்பக்கம் நீண்டு முன்சக்கரத்தைத் தூக்கச் சிரமப்படுத்தும். குதிக்க மட்டும் என்றால் வேண்டாம்.

என் ஓட்டு, பெடல் அச்சை ஒட்டிய பிவட்டும் ஷாக்கை இயக்க ஒரு லிங்க்கும் உள்ள ஃப்ரேமுக்கு. காசிமேட்டு உப்புக் காற்றும் எண்ணூர் சாம்பல் தூசியும் பேரிங்கை அரிக்கிற ஊரில், மூட்டு குறைவதே பெரிய லாபம். வாங்குமுன் பிவட்டில் விரலை வைத்துக்கொண்டு சீட்டை லேசாகத் தூக்கி விடுங்கள். ‘டொக்’கென்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கலாம். பழையதைக் கழற்றி அதன் மேல் உள்ள நம்பரைப் பாருங்கள். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிமன் 7 மி.மீ.; பாரிமுனைப் பக்கத்துப் பேரிங் கடைகளில் நம்பரைச் சொல்லி, இருபுறமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.