சோலார் பேட்டரி ஆறு வருஷ அனுபவம்: டிஸ்ப்ளேல 38 சதவீதம், ஆனா கரண்ட் இல்ல

மொதல்ல ரெண்டு வருஷம் டியூபுலர், அதாவது தண்ணி ஊத்தற லெட் ஆசிட் பேட்டரி, அப்புறம் நாலு வருஷமா லித்தியம், அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 51.2 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர் அவர்). ரெண்டையும் தினமும் ஓட்டிப் பார்த்ததை வெச்சு எழுதறேன்.

டியூபுலர்ல டிஸ்டில்டு வாட்டர் ஊத்தறதெல்லாம் பெரிய வேலையே இல்ல, சார்ஜைப் பாதிக்கு மேல இறக்காம பாத்துக்கறதுதான் பாடு. இறக்கிட்டு மறுநாள் வெயிலும் இல்லாம அரைகுறை சார்ஜ்லயே கெடந்துச்சுன்னா தகட்டுல சல்பேட் படிஞ்சு இறுகிடும், அப்புறம் என்ன பண்ணாலும் முழுசா ஏறாது. என்னோடது ரெண்டாவது மழைக்காலத்தோட போச்சு.

லித்தியத்துல அந்தத் தொல்லை இல்ல. மொத்தம் 5.12 யூனிட், 90 சதவீதம் வரைக்கும் இறக்கறேன், சுமார் 4.6. ஆனா அதுவும் முழுசா பிளக்குக்கு வராது. இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருக்கறதுக்கே என்கிட்ட 45 வாட் இழுக்குது, 12 மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்கு மேல! வாங்கறதுக்கு முன்னாடி நோ லோட் கன்சம்ப்ஷன் எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்குங்க.

இப்ப அந்த ராத்திரிக்கு வரேன். டிஸ்ப்ளே 38 காட்டுது, ஃபேன் ஓடிட்டிருக்கு, ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஆன் ஆன அந்த செகண்ட்ல டப்புனு எல்லாம் இருட்டு. டார்ச் அடிச்சுப் பார்த்தா பேட்டரில சிவப்பு லைட். செல் போச்சுன்னு பதறிட்டேன். செல் நல்லாதான் இருந்துச்சு, 38ங்கற கணக்குதான் தப்பு, நிஜத்துல சார்ஜ் தீர்ந்து போயிருக்கு. இந்த வகை செல்லோட வோல்டேஜ் நடுவுல ரொம்ப தூரத்துக்கு 3.2, 3.3லயே நிக்கும், அதனால வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம்னு பிஎம்எஸ்ஸால (பேட்டரிக்குள்ள இருந்து அதைக் கண்காணிக்கற சர்க்யூட்) சொல்ல முடியாது, உள்ள போன ஆம்பியரையும் வெளிய போனதையும் கூட்டிக் கழிச்சுத்தான் சொல்லுது. மூணு வாரமா மூட்டம், ஒருநாள் கூட ஃபுல் ஆகல, சின்னச் சின்னப் பிழையெல்லாம் சேந்துக்கிட்டே வந்துருக்கு. ஃபுல் ஆனாதான் அந்தக் கணக்கு நேராகும், செல்களும் பேலன்ஸ் ஆகும், அதாவது எல்லாம் ஒரே அளவுக்கு வரும். இப்பல்லாம் ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி, வெயில் இல்லைன்னா லைன் கரண்ட்ல போட்டாவது 100க்கு ஏத்திடறேன். அதுக்கப்புறம் ஒருதடவை கூட அப்படி கட் ஆகல.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கணும், பேட்டரி பகல் கரண்டை ராத்திரிக்குத் தரும், அவ்வளவுதான், மூணு நாள் மூட்டத்தை அது தாங்காது. பெரிய அளவுலயும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவுல காத்தாலைப் பண்ணை பக்கத்துல இருக்கற ஹார்ன்ஸ்டேல் பேட்டரி 2017ல வந்தப்ப 100 மெகாவாட், 129 மெகாவாட் அவர், முழு வேகத்துல விட்டா ஒண்ணேகால் மணி நேரம் சொச்சம். காத்து நாலு நாள் நின்னா அதுக்கு, தண்ணிய மேல ஏத்தி வெச்சு அப்புறம் இறக்கி கரண்ட் எடுக்கற நீரேற்று நிலையம் மாதிரி வேற ஏற்பாடும் சேந்து வேணும்.

அதனால மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் உச்சி வெயில்லயே முடிச்சுடறேன், ராத்திரிக்கு ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் மட்டும். காலைல எப்படியும் 35 சதவீதம் நிக்குது. போன மாசம் ஃபுல்லாக்கி கட் ஆஃப் வரைக்கும் இறக்கி அளந்தேன், 4.8 யூனிட் எடுத்துச்சு, நாலு வருஷத்துக்கு இது நல்ல கணக்கு. வெயில் படாத உள்சுவர் ஓரமா வெச்சதும் ஒரு காரணம்னு நெனைக்கறேன்.